இடுப்பு மூட்டு மாற்று அறுவை: மூட்டுக்குள் விடும் மருந்து ரத்தத்தை எப்படிக் காக்கிறது?

கேள்வி இது. பாபநாசம் பக்கத்துக் கிராமம். அம்மாவுக்கு 66 வயது, எடை 58 கிலோ. வலது இடுப்பு மூட்டு தேய்ந்துபோய், தஞ்சாவூரில் முழு மூட்டு மாற்று அறுவைக்கு நாள் குறித்தாயிற்று. இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. மூன்று வருடம் முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தது, ஸ்டென்டில் ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சாப்பிடுகிறார். ஹீமோகுளோபின் 10.2. "ரத்தம் அதிகம் போகாமல் இருக்க டிரானெக்சாமிக் ஆசிட்டை நரம்பில் ஏற்றாமல் மூட்டுக்குள்ளேயே விடுவோம்" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ரத்தத்தைக் கட்ட வைக்கிற மருந்து என்றால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளாதா? இரண்டு யூனிட் ரத்தத்துக்கு ஆள் தேட வேண்டுமா?

முதல் பயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். டிரானெக்சாமிக் ஆசிட் ரத்தத்தைக் கட்ட வைக்கிற மருந்தே இல்லை. வயல் வரப்பை நினைத்துப் பாருங்கள். மண்ணை வெட்டிப் போட்டு மடையை அடைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறோம். காலையில் போய்ப் பார்த்தால் நண்டு வளை போட்டு, தண்ணீர் பக்கத்து வயலுக்கு ஓடிக்கொண்டிருக்கும். உடம்பிலும் அதே கதைதான். அறுத்த இடத்தில் ஃபைப்ரின் என்கிற நார்வலை ரத்தக்குழாயின் வாயை அடைக்கிறது. அதை அரிக்க வருவது பிளாஸ்மின். பிளாஸ்மினுக்கு முந்தைய வடிவம் பிளாஸ்மினோஜென். அது ஃபைப்ரினைப் பற்றிக்கொள்வது லைசின் என்கிற அமினோ அமிலம் இருக்கும் இடங்களில். டிரானெக்சாமிக் ஆசிட் லைசினைப் போலவே வடிவம் கொண்டது. நண்டின் கொடுக்கில் போய் மாட்டிக்கொண்டு, வரப்பைப் பிடிக்க விடாமல் செய்துவிடுகிறது. புதிதாக வரப்பு போடுவதில்லை, போட்ட வரப்பை அரிக்க விடுவதில்லை, அவ்வளவுதான். ஜப்பானில் ஷோசுகே ஒகாமோட்டோ, உடாகோ ஒகாமோட்டோ என்ற தம்பதியர் 1962 இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது. பிரசவத்துக்குப் பின் ரத்தம் போய்ச் சாகும் தாய்மாரைக் காப்பாற்ற வேண்டும் என்பது அந்த அம்மையாரின் நோக்கம். இடுப்பு மாற்றுக்கு வந்தது பிற்பாடுதான்.

இதைப் புரிந்துகொண்டால் மருந்தின் எல்லையும் புரியும். அறுவையில் ஒரு தமனி வெட்டுப்பட்டுப் பீய்ச்சினால் இந்த மருந்து ஒன்றும் செய்யாது. அதைக் காட்டரி வைத்துச் சுட்டோ முடிச்சுப் போட்டோதான் நிறுத்த வேண்டும். இது உதவுவது எலும்பின் வெட்டு முகத்திலிருந்தும் தசையிலிருந்தும் மணிக்கணக்கில் ஊறும் கசிவுக்கு. இடுப்பில் அந்தக் கசிவு அதிகம். முழங்காலில் டூர்னிக்கே பட்டை கட்டி ரத்த ஓட்டத்தை நிறுத்தி வைத்து வேலை செய்யலாம், இடுப்பில் அது முடியாது. இடுப்பெலும்பில் பந்து உட்காரும் கிண்ணத்தைக் கடைந்து, தொடையெலும்பின் உள்குழலைச் செதுக்கும்போது எலும்பு மஜ்ஜை திறந்தே கிடக்கிறது. எலும்பைச் சுட்டு ரத்தம் நிறுத்தவும் முடியாது. அறுவை முடிந்த முதல் நாள் முழுக்க, அந்தக் காயத்தாலேயே உடம்பில் பிளாஸ்மினின் வேலை கூடியிருக்கும். ஆகவே தியேட்டரில் கண்ணில் படும் ரத்தத்தோடு, வார்டுக்கு வந்தபின் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் சேரும் ரத்தமும் கணக்கில் வரும்.

ஸ்டென்ட் விஷயம். மூட்டுக்குள் விட்டால் மருந்தின் ஒரு பகுதி ரத்தத்தில் கலக்கத்தான் செய்யும். ஆனால் நரம்பில் ஏற்றும்போது வரும் அளவைவிட அது நன்றாகவே குறைவு. மருந்து அதிகம் தேவைப்படும் இடத்தில் அதிகமாகவும், இதயத்தின் பக்கம் குறைவாகவும் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் உங்கள் டாக்டர் இந்த வழியைத் தேர்ந்திருப்பார். நியாயமான முடிவு. நரம்பு வழி கொடுத்தாலும் ஆபத்து மக்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. இதய, ரத்தக்குழாய் ஆபத்து உள்ள 9,535 பேரை வைத்து இதயமல்லாத பிற அறுவைகளில் செய்து 2022 இல் வெளியான ஆய்வில், நரம்பு வழி மருந்து பெற்றவர்களிடம் கடுமையான ரத்தப்போக்கு 9.1 சதவீதம், பெறாதவர்களிடம் 11.7 சதவீதம். மாரடைப்பு, பக்கவாதம், ரத்தக்கட்டி போன்றவற்றைச் சேர்த்துப் பார்த்தால் பெற்றவர்களிடம் 14.2 சதவீதம், பெறாதவர்களிடம் 13.9 சதவீதம். வித்தியாசம் சிறியது. ஆனாலும் "பாதுகாப்பில் வேறுபாடே இல்லை" என்று சொல்ல அந்த ஆய்வு தானே வைத்துக்கொண்ட கறாரான அளவுகோலை அது எட்டவில்லை. அதனால்தான் ஸ்டென்ட் உள்ளவர்களுக்கு மூட்டு வழியை விரும்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேறு ஆபத்து எதுவும் இல்லாதவருக்கு, கத்தி வைக்கும் முன் நரம்பில் 1 கிராம், அத்துடன் மூட்டிலும் மருந்து என்று இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது பல இடங்களில் வழக்கம்.

சிலவற்றை மட்டும் டாக்டரிடமும் மயக்க மருந்து டாக்டரிடமும் மறக்காமல் சொல்லுங்கள்: வலிப்பு வந்ததுண்டா, காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி இருந்ததா, சமீபத்தில் பக்கவாதம் வந்ததா, இந்த மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவும் வேண்டும். மருந்தில் 95 சதவீதத்துக்கு மேல் மாறாமல் அப்படியே சிறுநீரில்தான் வெளியேறுகிறது. சர்க்கரை நோயால் சிறுநீரகம் பழுதானவருக்கு அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

இனி, தியேட்டருக்குள் என்ன நடக்கிறது. "மூட்டுக்குள் மருந்து விட்டோம்" என்ற ஒரே வாக்கியத்துக்குள் நல்ல வேலையும் ஒளிந்திருக்கலாம், வீண் வேலையும் ஒளிந்திருக்கலாம். அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

நம்மூரில் கிடைக்கும் ஆம்ப்யூல் 5 மி.லி., அதில் 500 மி.கி. மருந்து. மூட்டுக்குள் விடும் மொத்த அளவு பொதுவாக 1 முதல் 3 கிராம் வரை, 50 முதல் 100 மி.லி. சலைனில். நடுவாந்திரமாக 2 கிராம் என்று வைத்துக்கொண்டால் 4 ஆம்ப்யூல், அதாவது 20 மி.லி. மருந்து. அதோடு 80 மி.லி. சலைன் சேர்த்தால் 100 மி.லி. கரைசல், ஒரு மி.லி.க்கு 20 மி.கி. கிருமி நீக்கிய பாத்திரத்தில் இதைக் கலந்து, பாத்திரத்தின் மேல் பெயர் எழுதி ஒட்ட வேண்டும். பென்சிலின் வகை மருந்து எதையும் இதில் கலக்கக் கூடாது.

முதல் பங்கு கிண்ணத்துக்கு. இடுப்புக் கிண்ணத்தைக் கடைந்து முடித்ததும் சலைனால் கழுவி, ரத்தக் கட்டிகளை எடுத்துவிட்டு, 30 மி.லி. கரைசலில் நனைத்த காஸ் துணியை உள்ளே வைத்து 3 முதல் 5 நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். கழுவாமல் கட்டியின் மேலேயே ஊற்றினால் மருந்து கட்டியை நனைக்குமே தவிர எலும்பைத் தொடாது. இரண்டாவது பங்கு 20 மி.லி., தொடையெலும்புக் குழலைச் செதுக்கியபின் நாடா காஸில் நனைத்து உள்ளே. சிமென்ட் வைத்துச் செயற்கை மூட்டின் தண்டைப் பொருத்துவதாக இருந்தால் இங்கே கவனம் வேண்டும். நாடாவை எடுத்தபின் குழலை மறுபடி கழுவி உலர்த்தியாக வேண்டும். ஈரமும் ரத்தமும் உள்ள எலும்பில் சிமென்ட் சரியாகப் பிடிக்காது. உள்ளே வைத்த ஒவ்வொரு காஸும் எண்ணி வெளியே வந்தாக வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது பங்குதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பந்தைக் கிண்ணத்தில் பொருத்தி, போவிடோன் அயோடின் கழுவல் எல்லாம் முடித்து, மூட்டு உறையைத் தைத்து, அதன் மேலிருக்கும் கெட்டிச் சவ்வையும் தைத்து மூடியபின், மீதி 50 மி.லி.யை ஊசி வழியாகவோ உள்ளே சேரும் ரத்தம் வெளியே வடிய வைக்கும் டிரெயின் குழாய் வழியாகவோ உள்ளே விடுவது. முழங்கால் ஒரு மூடிய பை மாதிரி, ஊற்றினால் நிற்கும். பின்பக்கமாக வெட்டிச் செய்யும் இடுப்பு அறுவையில் உறையைத் திறந்துதானே போகிறோம். தைத்து மூடாமல் ஊற்றினால் மருந்து தசை இடுக்கெல்லாம் ஓடிவிடும். அதனால்தான் மூடியபின் விடச் சொல்வது.

தவறு நடப்பதும் இந்தக் கட்டத்தில்தான். மருந்தை ஊற்றிய கையோடு ரத்தத்தை உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் குழாயை உள்ளே வைத்தால் 2 கிராமும் பாட்டிலுக்குப் போய்விடும். மருந்து விட்டபின் ஒரு தடவை கழுவினால் அதே பலன். டிரெயின் வைத்திருந்தால் அதை 30 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை கிளாம்ப் போட்டு மூடி வைக்க வேண்டும், வாக்குவம் உடனே திறந்தால் மருந்து நேராக பாட்டிலில் சேரும். மறுபக்கம், போட்ட கிளாம்பைத் திறக்க மறந்துவிட்டால் டிரெயின் வைத்ததற்கே அர்த்தமில்லாமல் உள்ளே ரத்தம் தேங்கும். கிளாம்ப் போட்ட நேரம், திறக்க வேண்டிய நேரம் இரண்டையும் கேஸ் ஷீட்டில் எழுதி, வார்டு சிஸ்டரிடம் வாயாலும் சொல்லி ஒப்படைக்க வேண்டும். டிரெயினே வைக்காமல் மூடுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்போது இந்தத் தொல்லை இல்லை.

முழு மூட்டு மாற்றில் பழைய குருத்தெலும்பு எதுவும் மிஞ்சாது. ஆனால் தொடையெலும்புக் கழுத்து முறிந்து பந்தை மட்டும் மாற்றும் பாதி மூட்டு மாற்றில், கிண்ணத்தின் குருத்தெலும்பு நோயாளியுடையதேதான். ஆய்வகச் சோதனைகளில் செறிவு அதிகமான மருந்து குருத்தெலும்புச் செல்களைக் கொன்றிருக்கிறது. ஒரு மி.லி.க்கு 20 மி.கி. அளவில் பெரிய பாதிப்பு தெரியவில்லை. ஆம்ப்யூலில் இருப்பது அதைப்போல ஐந்து மடங்கு செறிவு. எனவே அந்த அறுவையில் ஆம்ப்யூலை உடைத்து நீர்க்காமல் அப்படியே ஊற்றக் கூடாது.

ஒரு விஷயத்தைக் குரல் உயர்த்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. இடுப்பு அறுவை பெரும்பாலும் முதுகில் ஸ்பைனல் ஊசி போட்டுத்தான் நடக்கிறது. ஸ்பைனலில் போடும் மரத்துப்போக வைக்கும் மருந்தான புபிவகைன் ஆம்ப்யூலும் டிரானெக்சாமிக் ஆம்ப்யூலும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கலாம், ஒரே டிரேயில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கலாம். மாற்றி எடுத்து முதுகில் போட்டுவிட்டால் சில நிமிடங்களில் கடுமையான வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு, உயிர்ச்சேதம். உலகின் பல நாடுகளில் இது நடந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2022 இல் இதற்கென்றே எச்சரிக்கை விட்டது. டிரானெக்சாமிக் ஆம்ப்யூல் ஸ்பைனல் டிரே இருக்கும் மேசையில் இருக்கவே கூடாது, தனி இடத்தில் இருக்க வேண்டும். ஸ்பைனல் போட்டு முடித்தபிறகே இதை வெளியே எடுக்க வேண்டும். உடைக்கும் முன் இரண்டு பேர் லேபிளைச் சத்தமாகப் படிக்க வேண்டும். சிறிய மருத்துவமனைகளில் "வெளியே மருந்துக் கடையில் வாங்கி வாருங்கள்" என்று சீட்டு கொடுத்தால், எல்லா ஆம்ப்யூலையும் ஒரே பையில் கலந்து கொடுக்காமல் இதை மட்டும் தனிக் கவரில் போட்டு, மேலே பெயர் எழுதி, சிஸ்டர் கையில் சொல்லிக் கொடுங்கள். உறவினரால் செய்ய முடிந்த பெரிய உதவி இது.

இவ்வளவு சொன்னாலும், உங்கள் அம்மா விஷயத்தில் மருந்தைவிட என் கண் நிற்பது 10.2 என்ற எண்ணில்தான். கணக்கைப் பாருங்கள். பெண்களுக்கு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 65 மி.லி. ரத்தம் என்று வைத்தால் 58 கிலோவுக்கு ஏறத்தாழ 3.8 லிட்டர். ஹீமோகுளோபின் 8க்குக் கீழே போனால் ரத்தம் ஏற்ற யோசிக்கலாம் என்பது எலும்பு அறுவையிலும் இதய நோய் உள்ளவர்களுக்கும் இப்போதுள்ள பொது வழக்கம். 10.2 இலிருந்து 8க்கு இறங்க அவர் இழக்க வேண்டியது சுமார் 900 மி.லி. இடுப்பு மாற்றில் மறைவாகப் போவதையும் சேர்த்தால் ஒரு லிட்டர் போவது சாதாரணம். அதே அம்மா 12 உடன் தியேட்டருக்குள் போனால் 8ஐத் தொட 1,500 மி.லி. போக வேண்டும். மருந்து கசிவைக் குறைத்துக் கொடுக்கும் வித்தியாசத்துக்கு ஈடாக, இரும்புச்சத்து இந்த 600 மி.லி.யை முன்கூட்டியே சம்பாதித்துக் கொடுக்கிறது. ஐந்து வாரம் கையில் இருக்கும்போது இதைச் செய்யாமல் விட்டால் அது பெரிய தப்பு.

இந்த வாரமே ஃபெரிட்டின் (உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுவது), பி12, முழு ரத்த எண்ணிக்கை பாருங்கள். ஃபெரிட்டின் 30க்குக் கீழே என்றால் இரும்புக் குறைவு நிச்சயம். உடம்பில் அழற்சியோ மூட்டுவாதமோ உள்ளவருக்கு 100க்குக் கீழேயே சந்தேகப்பட வேண்டும். மாத்திரை என்றால் வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாற்றோடு. காலை காபிக்கும் மாத்திரைக்கும் குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும், காபியும் டீயும் இரும்பை உடம்பில் சேர விடாது. நேரம் குறைவு என்பதால் நரம்பு வழி இரும்பு நல்லது. ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் என்றால் அவர் எடைக்கும் 10.2க்கும் மொத்தம் 1,000 மி.கி. என்று கணக்கு வரும். ஏற்றியபின் மூன்று, நான்கு வாரத்தில் ஹீமோகுளோபினை மறுபடி பாருங்கள். இரத்தம் ஏன் குறைந்தது என்பதையும் கேளுங்கள். மூட்டு வலிக்கு மாதக்கணக்கில் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் சாப்பிட்டு வயிற்றில் புண் வந்து உள்ளே கசிந்துகொண்டிருக்கலாம். மலம் கறுப்பாகப் போகிறதா என்று இரும்பு மாத்திரை தொடங்கும் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், தொடங்கியபின் மாத்திரையாலும் கறுக்கும். விழுந்து எலும்பு முறிந்தவருக்கு இந்த அவகாசம் எல்லாம் கிடையாது. அங்கே இரும்புக்காக அறுவையைத் தள்ளிப்போடக் கூடாது.

குளோபிடோக்ரல் பொதுவாக 5 முதல் 7 நாள் முன்பு நிறுத்தப்படும், ஸ்பைனல் ஊசிக்கும் அது அவசியம். ஆஸ்பிரின் 75 மி.கி. ஸ்டென்ட் உள்ளவருக்குப் பெரும்பாலும் தொடரும். ஆனால் இதை நீங்களாகவோ பக்கத்து வீட்டார் சொல்லியோ செய்யாதீர்கள். ஸ்டென்ட் வைத்த இதய மருத்துவரிடம் எதை, எந்தத் தேதியில் நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்று எழுத்தில் வாங்கி, எலும்பு டாக்டரிடம் கொடுங்கள்.

தியேட்டரில் உடல் குளிராமல் வைத்திருப்பதும் ரத்தம் காக்கும் வேலைதான். 1996 இல் வெளியான ஓர் ஆய்வில், இடுப்பு மாற்றின்போது உடல் வெப்பம் 1.6 டிகிரி இறங்கியவர்கள் சூடாக வைக்கப்பட்டவர்களைவிட சுமார் அரை லிட்டர் அதிக ரத்தம் இழந்தார்கள். சூடான காற்றுப் போர்வை, வெதுவெதுப்பான சலைன் இருக்கிறதா என்று கேட்பதில் தப்பில்லை.

ரத்தத்துக்கு ஆள் தேட வேண்டுமா? குரூப் பார்த்து, அம்மாவின் ரத்தத்தோடு பொருந்துகிறதா என்று கிராஸ் மேட்ச் செய்து, இரண்டு யூனிட்டை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். வைத்திருப்பதாலேயே ஏற்ற வேண்டும் என்றில்லை. இங்கிலாந்தில் 2013 இல் வெளியான, 161 பேரைக் கொண்ட இடுப்பு மாற்று ஆய்வில், வெறும் 1 கிராமை 50 மி.லி. சலைனில் மூட்டுக்குள் விட்டதிலேயே ரத்தம் ஏற்ற வேண்டியவர்கள் 32.1 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாகக் குறைந்தார்கள். உங்கள் அம்மாவுக்கும் தேவைப்படாமல் போக நல்ல வாய்ப்பு உண்டு. தேவைப்பட்டால் ஒரு யூனிட் ஏற்றிப் பார்த்துவிட்டு அடுத்ததை முடிவு செய்யச் சொல்லுங்கள். ஒரு யூனிட் ஹீமோகுளோபினை ஏறத்தாழ 1 கூட்டும். தனியார் மருத்துவமனையில் ரத்த வங்கி இல்லையென்றால் எங்கிருந்து வரும் என்பதை முதல் நாளே கேட்டு வையுங்கள். பை உங்கள் கையில் கொடுத்து அனுப்பப்பட்டால் குளிர்ப் பெட்டியில் வைத்து நேராகக் கொண்டுவாருங்கள், ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு டீக்கடையில் நிற்கக் கூடாது. குளிரிலிருந்து எடுத்த 30 நிமிடத்துக்குள் ஏற்றத் தொடங்கி, 4 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

அறுவை முடிந்த இரவு ஹீமோகுளோபின் நன்றாக இருந்தால் அதோடு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். தசைக்குள் கசிவு தொடரும், ட்ரிப் தண்ணீர் ரத்தத்தில் கலந்து நீர்க்கும். இரண்டு, மூன்று நாள் கழித்துத்தான் உண்மையான அளவு தெரியும். அதனால் முதல் நாளும் மூன்றாம் நாளும் பார்க்கச் சொல்லுங்கள். நாடி வேகமாக ஓடுவது, சிறுநீர் குறைவது, உட்கார வைத்தால் கண் இருட்டுவது, தொடை கல் போல இறுகிப் பெருப்பது, கட்டு திரும்பத் திரும்ப நனைவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காமல் டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள்.

டிரானெக்சாமிக் கொடுத்தாயிற்று என்பதற்காகக் காலில் ரத்தம் கட்டாமல் இருக்கப் போடும் மருந்தை விட்டுவிட முடியாது. எனாக்சாபரின் 40 மி.கி. ஊசியோ, ஆஸ்பிரினோ, டாக்டர் எழுதிய அத்தனை நாளும் போக வேண்டும், 35 நாள் வரைகூட ஆகலாம். வீட்டுக்கு வந்தபின் கால் வீங்கியிருக்கிறதே என்று நல்லெண்ணெய் தேய்த்து உருவி விடவோ, சூடாக ஒத்தடம் கொடுக்கவோ யாரையும் விடாதீர்கள். கெண்டைக்காலில் கட்டி இருந்தால் உருவுவதாலேயே அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். கெண்டைக்கால் வலித்து வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ, எந்த நேரமானாலும் வண்டி பிடித்து மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.